ஜேசுதாசன் சாரின் கற்சில்லுகள்

ஏட்டையா, அடுத்தவர் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது. நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஜேசுதாசன் சார், விடுமுறை நாட்களில் என்னைச் சாயர்புரத்துத் தேரி மணல்மேடுகளுக்கு அழைத்துப் போவார். இரும்பு அறியாத காலத்து வேட்டைக்காரர்கள் செய்த, நகமளவேயான கற்சில்லுகள் அந்தச் செம்மணலில் கிடக்கும். சாருக்கு அவை பொன்.

ஒருநாள் வெயிலில் எவ்வளவு அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் முகம் வாடியது. அடுத்த முறை, வெள்ளைக்கல்லில் ஆணி நுனியை அழுத்தி நானே ஒரு சில்லைப் பெயர்த்து, செம்மண் தேய்த்து, அவர் வரும் வழியில் போட்டுவைத்தேன்.

"ஏலே சிவசைலம், இங்கன வாலே! அம்புமுனைலா இது!" என்றார். அவர் நடையே மாறிவிட்டது. அதன்பிறகு நிறுத்துவது மரியாதையாகப் படவில்லை.

போன வாரம் இவற்றைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஒரு துரை வருவதாகத் தெரிந்தது. போலி வெளிப்பட்டால் சாரின் மானம் போகும். ஆகவே என்னுடையவற்றை மட்டும் பொறுக்க, அவருடைய பெட்டியை எடுத்துவந்தேன். அழகான சில்லை என்னுடையது என்று எடுத்தேன்; அது கர்வமோ என்று திரும்ப வைத்தேன். கோணலானதை எடுத்தேன், அது வீண் அடக்கமோ என்று அதையும் வைத்தேன். நாக்கில்கூட வைத்துப் பார்த்தேன்; எது யாருடையது என்று பிடிபடவில்லை.

சந்தேகம் மிஞ்சக் கூடாது. பனையேறும் ஐயம்பெருமாள் அண்ணாச்சி, பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவித்தான் பாளை அரிவாளைத் தீட்டுவார். பெட்டியோடு அவரிடம் போனேன்.

"யாரு தம்பி இம்புட்டுச் சின்னதா ஒடச்சது? எனக்குப் பாதி வேல மிச்சம்லா."

"பழைய ஆட்கள், அண்ணாச்சி."

"நல்ல ஆளுவ. இன்னும் இருந்தா அனுப்பச் சொல்லும்."

உரலில் இடித்தார். நான் சலித்துக் கொடுத்துவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

நேற்றுத் துரை காலிப் பெட்டியைப் பார்த்து, "இதில் கல் இருந்ததா?" என்று கேட்டார். சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் சாப்பிடவில்லையாம்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். எடுத்ததும் அழித்ததும் நான்தான். சார் தேறியதும் சொல்லுங்கள்: இனி எவனும் அவர் தொகுப்பில் ஒரு போலியைக்கூடக் காட்ட முடியாது.