உப்புப் போடாத பருப்பு

“நான் உப்பே போடலைங்கக்கா. ஆனா தெனமும் பருப்புல உப்பு இருக்குது.”

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் சாயங்கால பஸ். முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும், நான் பாட்டை நிறுத்திவிட்டு இயர்போனைக் கழற்றாமலே கேட்டேன். அவள் பக்கத்தில் இருந்த அக்கா சிரித்தார்.

“அந்த ஸ்லோ குக்கர்லயா?”

“ஆமாங்க. காலைல பருப்பு, மஞ்சத்தூளு, தண்ணி. சுவிட்சப் போட்டு, ஊட்டைப் பூட்டிட்டுக் கோழிப்பண்ணைக்கு வந்துருவேன். மொதல்லயே உப்புப் போட்டா வேகாதுன்னு, திரும்பிப் போய்த்தான் போடுவேன். தொட்டுக்கப் பண்ணைல குடுக்கற கீறல் உழுந்த முட்டை ரெண்டு. ஒத்த ஆளுக்கு அது போதும்.”

“செரி, அப்பறம்?”

“செவ்வாக்கெழமை அப்படிப் போட்டேன், ஒரே கரிப்பு. அன்னைலருந்து போடறதுக்கு முன்னாலயே ருசி பாக்கறேன். உப்பு ஏற்கனவே இருக்குது.”

“காலைல நெனப்பில்லாம போட்டிருப்ப, புள்ள.”

“என்ற கைக்கு உப்பு கம்மிங்க. இது அவருக்குப் புடிச்ச அளவு.”

அக்காவின் சிரிப்பு நின்றது.

“உன்ற ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியோட ஒடிசாவுலதான இருக்கறாரு?”

“ஆமாங்க.”

“கடைசியா எப்பப் பேசுனாரு?”

“திங்கக்கெழமை. அப்பறம் எடுக்கவே இல்ல. சிக்னல் இல்லையாட்டன்னு உட்டுட்டேன்.”

“இப்பப் போடு.”

அவள் போட்டாள். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

“எடுத்துட்டாங்க,” என்றாள். பிறகு போனை அக்காவிடம் நீட்டினாள். “அவரு கொரல் இல்லீங்கக்கா. நீங்க பேசுங்க.”