ஒண்ணுமில்லாத மாப்பிள்ளை

சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பக் காத்திருந்தபோது, என் எதிரே கம்பெனிச் சீருடையில் இருந்த பெண் பக்கத்து இளைஞனிடம் சொன்னாள்: "ரத்தம் ஒத்து வரலன்னா கல்யாணம் கிடையாது."

"இன்னாம்மா நீ? எல்லாரும் ஜாதகம் கேப்பாங்க, நீ ரத்தம் கேக்குற."

"எங்க தருமபுரி மலைப்பக்கம் தலசீமியான்னு ஒரு ரத்த நோய் நெறைய பேருக்கு இருக்குது. எனக்குப் பாதி இருக்குது, அதனால ஒண்ணும் தெரியல. உனக்கும் பாதி இருந்தா, பொறக்குற புள்ளைக்கு முழுசா வந்துடலாம். எங்கண்ணன் புள்ள மாசாமாசம் ரத்தம் ஏத்திக்குது."

"நான் படப்பைக்காரன். எங்க பக்கம்லாம் அது வராது."

"எங்க பக்கம் அதிகம், அவ்ளோதான். யாருக்கு வேணா இருக்கும். டெஸ்ட் எடுத்தியா, இல்லியா?"

"எடுத்தேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் சோறு எறங்கல."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" அவன் பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒண்ணுமே இல்லியாம்."

"ஒண்ணுமே இல்லியா!" அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போன வாரம் உங்கப்பாவும் இதேதான் சொன்னாரு. அப்ப மட்டும் அவரோட சண்ட போட்ட?"

அவள் போனை எடுத்து ஊருக்குப் பேசினாள். "அப்பா, நீ சொன்னது நெசந்தான். அவர்கிட்ட ஒண்ணுமே இல்ல. எப்ப வந்து பேசுறீங்க?"