ஹாலிஸ் உள்ளே இருக்கிறான்

இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். குன்றைச் சுற்றி ஒரே ஒரு பாதை... வெள்ளைப் பவளப்பாறையை உடைத்துப் போட்டது. ஆள் அரவமே இல்லை. காவலுக்கு ஒருவன் மட்டும்.

அவன் பெயர் எம்மெட் ரஸ்கோ. என் நண்பன் கார்வின் இருக்கிறானே, அவன் மனைவிக்குத் தாய்மாமன். பசிபிக் போரில் அமெரிக்க மரைன் படையில் இருந்தபோது நடந்தது இது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

டங்... டங்... டங்...

தகரக் குவளையைக் கல்லில் தட்டுகிற சத்தம். மேலே, அடைத்துவிட்ட குகைக்குள் இருந்து.

எம்மெட்டுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அன்று மத்தியானம்தான் அந்தக் குகையை வெடிவைத்து அடைத்தார்கள். உள்ளே ஜப்பானியச் சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். நாற்றம் பாதைவரை அடித்தது. பேசாமல் அடைத்திருக்கலாம். ஆனால் கேப்டன் தோர்லிக்கு வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு ஜப்பானிய வாள் வேண்டும். எம்மெட்டின் உயிர் நண்பன் ஹாலிஸைக் கூப்பிட்டார்.

"ஒரு வாளுக்காகவா சார்?" என்றான் ஹாலிஸ்.

"போன்னா போ."

போனான். உள்ளே துப்பாக்கி வெடித்தது. அப்புறம் சத்தமே இல்லை...

"செத்துட்டான். அடைச்சிருங்க," என்றார் கேப்டன்.

திரியைப் பற்றவைத்த பிறகுதான் உள்ளிருந்து குரல் வந்தது. "வந்துட்டேன்... வெடிச்சிராதீங்க..."

எல்லார் காதிலும் விழுந்தது. கேப்டன் காதிலும். எம்மெட் திரியைப் பிடுங்க ஓடினான். கேப்டன் கைத்துப்பாக்கியை அவன் நெஞ்சில் வைத்து நிறுத்தினார். குன்று குலுங்கியது.

இப்போது அந்தத் தட்டல். எம்மெட் கேப்டனின் கூடாரத்துக்கு ஓடினான்.

"சார், அவன் உயிரோட இருக்கான். தட்டுறான்."

"வெயில் உன் தலைக்கேறிப் போச்சு. காவலுக்குப் போ."

"ஆளுக்கு நாலு கல்ல எடுத்தா விடியறதுக்குள்ள..."

"தோண்டுறவனச் சுட்டுருவேன்."

எம்மெட் தனியாகவே தோண்டினான். பவளக்கல் கத்தி மாதிரி. உள்ளங்கை கிழிந்து எலும்பு தெரிந்தது. சார்ஜென்ட் டோம்ப்ரோதான் காலரைப் பிடித்து இழுத்து வந்தார். "உன்னையும் அந்த ஆளு கொன்னுருவான்டா," என்றார்.

ஒரு வாரம் போனது. எண்ணெய் பீப்பாயில் வந்த நாறின தண்ணீரைக் குடித்தும்கூட ஆட்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் குகைக்குள் எவனும் அத்தனை நாள் தாங்க மாட்டான். ஆனாலும் ராத்திரியானால்...

டங்... டங்... டங்...

ஒருநாள் கேப்டனே பாதையில் இறங்கி வந்தார். முகம் மழிக்கவில்லை. கண் குழிந்திருந்தது.

"ரஸ்கோ... உனக்குக் கேக்குதா?"

"என்னது சார்?"

"அந்தத் தட்டல்."

டங்... டங்...

எம்மெட் அவர் முகத்தை நேராகப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் கேக்கல சார்."

கேப்டன் டோம்ப்ரோவிடம் போனார். "இல்லையே சார்," என்றார் அவர். பதுங்குகுழி பதுங்குகுழியாகப் போய்க் கேட்டார். ஒருவரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் எல்லாரும் சொன்னது அதே பதில்தான்.

கேப்டன் குன்றின்மேல் ஏறினார். வானத்தில் வெளிச்சக்குண்டு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எம்மெட் பார்த்தான். அவர் குகைவாயில் மண்டியிட்டு, கல்லில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் அணைந்தது... அடுத்த குண்டு எரிந்தபோது அங்கே ஆள் இல்லை.

காலையில் தேடினார்கள். கேப்டனின் தலைக்கவசம் மட்டும் கிடந்தது. வெள்ளைத் தூசியில் காலடிகள் மேலே போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. ஒரு கல்கூட அசையவில்லை.

அன்று ராத்திரி டோம்ப்ரோ வந்து எம்மெட் பக்கத்தில் உட்கார்ந்தார். நேரம் வந்ததும் தொடங்கியது. நிதானமாக.

டங்... டங்... டங்...

அதோடு இன்னொன்று. இடைவெளியே இல்லாமல், வெறுங்கையால் கல்லை அறைகிற சத்தம். கூடவே, ரொம்ப உள்ளேயிருந்து கேப்டனின் குரல், ஒவ்வொருவன் பேராகச் சொல்லிக் கூப்பிட்டது.

"கேக்குதாடா?" என்றார் டோம்ப்ரோ.

"இல்ல," என்றான் எம்மெட்.

குரல் இப்போது அவன் பேருக்கு வந்திருந்தது.