மாதாவின் நெற்றியில் சிவப்பு

பவளம்: இஞ்சருங்கோ, அந்தப் புத்தகத்திலை எங்கடை படத்துக்கு என்ன எழுதியிருக்கு? ஒருக்கா வாசியுங்கோ.

கணேசலிங்கம்: ஏல மண்டப வாசலிலை இதைத் தந்த நேரம் தொட்டு நாலு தரம் வாசிச்சாச்சு.

பவளம்: அஞ்சாந்தரமும் வாசியுங்கோ. வாய் தேயுமே?

கணேசலிங்கம்: “இலக்கம் நாற்பத்தொன்று. மாதாவும் குழந்தையும். இத்தாலி, ஆயிரத்து அறுநூறுகள். கடதாசியில் கரிக்கோடு. மாதாவின் நெற்றியில் மட்டும் சிவப்புச் சோக்கால் ஒரு தொடுகை. ஓவியரின் துணிச்சலுக்கு அதுவே சாட்சி.” போதுமோ?

பவளம்: அந்தத் துணிச்சல் என்ரைதான்.

கணேசலிங்கம்: என்னது?

பவளம்: அது சோக்கில்லை. குங்குமம். நான் வைச்ச பொட்டு.

கணேசலிங்கம்: ...மெள்ளக் கதையும். முன்னுக்கு இருக்கிற தொப்பிக்காரி திரும்பிப் பாக்கிறா.

பவளம்: அவவுக்குத் தமிழ் விளங்குமே? நல்லாப் பாக்கட்டும்.

கணேசலிங்கம்: எப்ப வைச்சனீர்?

பவளம்: எழுபத்துமூண்டிலை, நாங்கள் சிட்னிக்கு வந்த முதல் வெள்ளி. சாமிப்படப் பெட்டி கப்பலிலை கிடந்தது. விளக்கேத்த ஒரு முகம் வேணுமெண்டு வீட்டுக்கார மிஸிஸ் டோய்லிட்டைக் கேட்டன். தன்ரை சுவரிலை இருந்த இந்தப் படத்தைக் கழட்டித் தந்தா. இதுவும் ஒரு தாய்தானே எண்டா. சட்டத்திலை கண்ணாடியும் இல்லை. குளிச்சிட்டு வந்து பொட்டு வைச்சிட்டன்.

கணேசலிங்கம்: ஒரு வெள்ளிதானோ?

பவளம்: ஒரேயொரு வெள்ளி. அடுத்த கிழமை பெட்டி வந்திட்டுது. பஞ்சு வைச்சுத் துடைச்சுத் திருப்பிக் குடுக்கப் போனன். நீயே வைச்சிரு, எனக்கு ஆர் இருக்கினம் எண்டிட்டா பாவம். பிறகு அலுமாரிக்கு மேலைதான் கிடந்தது.

கணேசலிங்கம்: துடைச்சனீரோ? வடிவாத் துடைச்சனீரோ?

பவளம்: வடிவாத்தான் துடைச்சனான்...

கணேசலிங்கம்: அப்ப அது உம்மடை பொட்டில்லை.

பவளம்: பிறகு ஆரின்ரை?

கணேசலிங்கம்: ...ஓவியன்ரை. புத்தகத்திலை போட்டிருக்கே.

பவளம்: முன்னூறு வருசமா ஒரு சிவப்பு மங்காமல் இருக்குமே? என்ரைதான். நான் போய் அந்த நரைத்தாடி ஏலக்காரரிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்.

கணேசலிங்கம்: இரும்! இப்ப முப்பத்தெட்டு போகுது. பேசாமல் இரும்.

பவளம்: மெரிலேண்ட்ஸிலை பாத்த வீடு கைவிட்டுப் போயிடுமெண்டு பயமோ?

கணேசலிங்கம்: பயமில்லாமல்? வாற வெள்ளி முன்பணம் இரண்டாயிரம் கட்டவேணும்.

பவளம்: பொய்யிலை வாங்கின வீட்டிலை நான் பால் காய்ச்சமாட்டன்.

கணேசலிங்கம்: ஆர் பொய் சொல்லச் சொன்னது? அந்தாளிட்டைப் போகவேண்டாம் எண்டுதான் சொல்லுறன்.

பவளம்: இரண்டும் ஒண்டுதான். ஊரிலை சுன்னாகச் சந்தியிலை மைக் பிடிச்சு, கோயில்காரர் எல்லாம் ஏமாத்துக்காரர் எண்டு கத்தின மனிசன்! நான் தேவாரம் பாடினால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டுறவர்! இண்டைக்கு ஒரு குங்குமப் பொட்டுக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கிறார்.

கணேசலிங்கம்: ஓம்... ஒளிச்சுத்தான் இருக்கிறன்.

பவளம்: சீலையை விடுங்கோ. கிழியப்போகுது.

கணேசலிங்கம்: பவளம், சொன்னால் கேளும். அந்த மனிசனோடை நீர் கதைக்கவேண்டாம்.

பவளம்: ஏன், எனக்கு இங்கிலீஷ் வராதோ? ஆசுபத்திரியிலை நாளைக்கு நாப்பது நோயாளரோடை கதைக்கிறன்.

கணேசலிங்கம்: வரும். அதுதான் பிரச்சினை.

ஏலக்காரர்: இலக்கம் நாற்பத்தொன்று.

பவளம்: ஐயோ, வந்திட்டுது! விடுங்கோ என்னை...

ஏலக்காரர்: கேட்கத் தொடங்குமுன் ஒரு திருத்தம். மாதாவின் நெற்றியிலுள்ள சிவப்பு ஓவியரின் கையல்ல. அது அண்மையில் வைக்கப்பட்ட குங்குமம் என்று படத்தின் சொந்தக்காரர் இன்று காலை எங்களிடம் வந்து சொன்னார். அதை அறிந்தே கேளுங்கள். ஆயிரம் டொலரில் தொடங்கலாமா?

பவளம்: ...சொந்தக்காரரோ?

கணேசலிங்கம்: கையைக் கீழை விடும். நீர் ஏலம் கேக்கிறீர் எண்டு நினைக்கப்போறாங்கள்.

ஏலக்காரர்: ஆயிரத்து நூறு... ஆயிரத்து ஐந்நூறு, தொப்பியணிந்த அம்மையார்... ஆயிரத்து எண்ணூறு. மேலே யாரும்? இல்லையா? அம்மையாருக்கே.

கணேசலிங்கம்: இருநூறு குறையுது.

பவளம்: குறையட்டும். பாங்க் மனேச்சரிட்டை நான் போய்க் கதைக்கிறன். வீடு எங்களுக்குத்தான், நீங்கள் யோசியாதையுங்கோ. அதுதானே காலமை கோப்பி வாங்கப் போனவர் வெறுங்கையோடை வந்து நிண்டனீங்கள்!

கணேசலிங்கம்: சனம் கூடிப்போச்சு, அதுதான்...

பவளம்: பொறுங்கோ, பொறுங்கோ. பொட்டுக் கதையை நான் இப்ப, இந்தக் கதிரையிலை இருந்துதானே சொன்னனான்? காலமை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

கணேசலிங்கம்: ...வீட்டை போய்க் கதைப்பம்.

பவளம்: இப்ப சொல்லுங்கோ.

கணேசலிங்கம்: நீர் வைச்சதை ஆர் சொன்னது? போன ஆவணியிலை, உமக்கு ஒப்பரேசன் நடந்த அண்டைக்கு... உம்மடை சாமிப்படங்களைத் தொட்டால் நீர் கண்டுபிடிச்சிடுவீரெண்டு, அலுமாரிக்கு மேலை இருந்ததை இறக்கி நான் பொட்டு வைச்சதைத்தான் சொன்னனான்.