மூன்றாம் முறை கூப்பிட்டால்

"மூணாவது வாட்டி கூப்பிடாதுடா. எந்தப் பேயாவது மூணு வாட்டி கூப்ட்டுச்சுன்னு எவனாவது சொல்லிக் கேட்டுக்கீறியா?"

"இல்ல."

"அவ்ளோதான். ராத்திரில யார் கூப்ட்டாலும் எண்ணு. மூணாவது வந்தா மனுசன். தெற."

சொல்லிவிட்டுப் பரந்தாமன் பீடியைச் சிம்னி விளக்கில் பற்றவைத்தான். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் மூன்று பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பரந்தாமனும் உத்தமனும் பாடி போல்ட் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட் முடித்துக் கடைசி வண்டியில் வந்து இறங்கியவர்கள். இறங்கியதும் மழை. கரண்டும் போயிற்று. ஸ்டாண்டுக்காரர் உலகநாதன் தகரக் கதவைச் சாத்தி உள்ளே கொக்கி போட்டிருந்தார். கொட்டகை முழுக்க ஈர ரப்பர் வாடை.

மழை பிடித்தால் பரந்தாமன் இங்கேதான் ஒதுங்குவான். வீடு பத்து நிமிஷ நடை. ராணிக்கு நிறைமாதம், வளைகாப்பு வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கை வரை. "வலி எடுத்தா நானே ஸ்டாண்டாண்ட வந்து கூப்டறேன், போ" என்று காலையில் சிரித்துக்கொண்டே அனுப்பியிருந்தாள்.

உத்தமன் கெக்கெக்கென்று சிரித்தான். "நீ சொல்லுவ மாமே. பெட்டிக்கு அஞ்சு போல்ட்ட அளவு கேஜுல உட்டுப் பாத்துட்டு, பெட்டி மொத்தத்துக்கும் முத்திர குத்துற ஆளு."

"பத்து வருசமா ஒரு பெட்டி திரும்பி வந்ததில்ல, தெரியுமா?"

"சரி... கோதண்டம் கதயக் கேளு. என் கூட்டாளி சின்னசாமிக்குப் பெரியம்மா மவன். ரெண்டு பேருக்கும் பக்கத்து பக்கத்து ஊடு, நடுவுல ஒத்தச் செவுரு."

எண்பத்தாறு, ஐப்பசி. ராத்திரி பதினொன்றே முக்கால். முத்தாபுதுப்பேட்டை ரோடு... ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் முள். விளக்கு கிடையாது. கோதண்டம் வீட்டில் தனியாகப் படுத்திருந்தான். அவன் பெண்டாட்டி தாட்சாயிணி திருவள்ளூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நாளைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வாசலில் செருப்பு இழுபடுகிற சத்தம்... சர்ர்க்... சர்ர்க்.

"ஏங்க..."

கோதண்டம் மூச்சை அடக்கினான். ஒன்று.

"ஏங்க..."

இரண்டு. குரல் தாட்சாயிணியுடையதுதான். ஆனால் தாட்சாயிணி நாளைக்கல்லவா வருவாள்? கோதண்டம் மூன்றாவதற்குக் காத்திருந்தான். காத்திருந்தான்... கதவில் ஏதோ மெதுவாகக் கீறியது. பிறகு அதுவும் நின்றது. "சீ, பேய்தான்" என்று போர்வையை இழுத்துக்கொண்டு, முருகனைக் கும்பிட்டுத் தூங்கிப்போனான்.

காலையில் கதவைத் திறந்தான். படியில் கிடந்தாள். உடம்பெல்லாம் நீலம். கணுக்காலில் பாம்புப் பல் இரண்டு பதிந்திருந்தது. கையில் அம்மா கொடுத்த முறுக்குப் பொட்டலம் அப்படியே. கதவின் வெளிப்பக்கம், முழங்கால் உயரத்தில், இரண்டு நகக்கீறல்.

"மூணாவது வாட்டி கூப்பிட உசுரு இல்ல அவளுக்கு. இப்ப சொல்லு மாமே. பேய் மூணு வாட்டி கூப்பிடாது, சரி. அதுக்காக மூணு வாட்டி கூப்பிடாததெல்லாம் பேயா?"

 பரந்தாமன் கையில் பீடி அணைந்திருந்தது.

"அவன் கணக்கு போட்டது தப்புண்ணே," என்றான், உலகநாதனைப் பார்த்து. "ரூலு தப்பில்ல."

"அதுக்குத்தான் வர்றேன்," என்றான் உத்தமன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி. அதே பதினொன்றே முக்கால். சுவருக்கு இந்தப் பக்கம் சின்னசாமி விழித்துக்கொண்டு கிடந்தான். கேட்டது.

"ஏங்க..."

கொஞ்சம் விட்டு, "ஏங்க..."

சின்னசாமி சுவரில் காதை வைத்தான். அந்தப் பக்கம் கோதண்டம் அழுவதும் கேட்டது. ஒன்று, ரெண்டு என்று எண்ணி எண்ணி அழுகிறான். பிறகு தெள்ளத்தெளிவாக...

"ஏங்க..."

மூன்று. பேய் மூன்று முறை கூப்பிடாது. கூப்பிட்டுவிட்டது. அப்படியானால் அவள் பேயில்லை. செத்தது பொய், எரித்தது பொய். "வந்துட்டேம்மா" என்று கோதண்டம் கத்தினான். தாழ்ப்பாள் இழுபட்டது... கடக்.

அப்புறம் சத்தமே இல்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். கதவு மறுபடியும் உள்ளே தாழ் போட்டிருந்தது. உடைத்தார்கள். கோதண்டம் கதவோடு ஒட்டிக் கிடந்தான். உடம்பெல்லாம் நீலம். பாம்பு கடித்த அடையாளம் எங்கேயும் இல்லை. கதவின் வெளிப்பக்கம் பழைய இரண்டு கீறல். உள்பக்கம் புதிதாக மூன்று.

"ஆனா... மூணாவதுக்குத் தெறந்து செத்தேன்னு எவனும் சொன்னதில்லியே," என்றான் பரந்தாமன். 

"எவன்டா வந்து சொல்லுவான்? எவனுக்கு ரெண்டோட நின்னு போச்சோ, அவன்தான் காலைல டீக்கடைல குந்திகினு கத சொல்றான். அவனுங்க சொன்னத வெச்சிதான உன் ரூலு? மூணு கேட்டுத் தெறந்தவன் எந்த டீக்கடைக்கு வருவான்? நீ பாத்த அஞ்சு போல்ட்டும் நல்ல போல்ட்டு மாமே. ஆறாவத நீ பாக்கவேயில்ல."

மழை குறைந்திருந்தது. தகரத்தின் விளிம்பிலிருந்து சொட்டுகள்... டொக்... டொக். மின்ரயில்கள் நிற்கும் கார் ஷெட் பக்கம் காலி வண்டி ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

"மாமா..."

உத்தமன் கதவுப் பக்கம் திரும்பினான். பரந்தாமன் எழுந்தேவிட்டான். ராணி குரல். உலகநாதன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"போவாத நைனா. எண்ணு."

"இன்னாத்த எண்றது?" என்றான் பரந்தாமன். 

தகரத்தில் உள்ளங்கை விழுந்தது. "மாமா..."

இரண்டு கை நிறைய வளையல். ஒன்றுகூட ஒலிக்கவில்லை. கை வீங்கி வளையல் இறுக்குகிறதென்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உடைத்துவிட்டாளா? பிள்ளை பிறக்குமுன் உடைப்பாளா?

மூன்றாவது வரட்டும் என்று வேண்டினான். உடனே, வரக்கூடாது என்று வேண்டினான். வராவிட்டால் வெளியே தாட்சாயிணியைப் போல ராணி கிடப்பாள். வந்தால்... கோதண்டத்தின் கதவு. கை கொக்கிவரை போய் அங்கேயே நின்றது.

வெளியே வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தகரத்தை ஏதோ மெதுவாகக் கீறியது. கீழே, முழங்கால் உயரத்தில்.

"மாமா... கதவத் தெற மாமா..."