ஒண்ணாம் நம்பர் மீட்டர்

– பொய் சொல்லாத வேல்விழி. வீட்டுல உன்னையத் தவிர வேற யாரு இருக்கா?

– யாரும் இல்ல அத்தான். எத்தன மட்டம் கேட்டாலும் அதான் பதிலு. நானும் சுவத்துல தொங்குத அத்தை போட்டோவும்தான் இருக்கோம்.

– எங்கம்மாவ இதுல இழுக்காத. மீட்டரு ஆப்பு என் செல்லுலதான் இருக்கு. இந்தா, இந்த நிமிசம் உன் மீட்டர்ல முன்னூத்தம்பது வாட் ஓடுது. மஸ்கட்டுல ஏசி ரிப்பேர் பாக்குதவன்ட்டி நானு. வாட் கணக்குல என்கிட்ட காது குத்தாத.

– முன்னூத்தம்பதா? ஒரு ட்யூப் லைட்டு எரியுது, ஒரு ஃபேன் சுத்துது. பிரிட்ஜ வேணும்னா சேத்துக்கிடுங்க. வேற என்ன இருக்கு இங்க, நீங்க வாங்கிப் போட்ட தங்க ரதமா ஓடுது?

– வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. பிரிட்ஜுன்னா நின்னு நின்னுல்லா ஓடும். ஏசின்னாலும் கட்டாகிக் கட்டாகி ஓடும். இது ஒரே சீரா ஓடுது. ராவும் ஓடுது, பகலும் ஓடுது. நேத்து நீ ஜவுளிக்கடையில சேல விரிச்சுட்டு நிக்கும்போதும் ஓடிச்சு. பூட்டுன வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு யாருட்டி கரண்ட்ட தின்னுதா?

– கோமதித்தாயே! விளக்கு வைக்கிற நேரத்துல பயங்காட்டாதிய அத்தான். மீட்டரு கெட்டுப் போயிருக்கும். பேச்சிராஜ் அண்ணன வரச் சொல்லுங்க.

– பேச்சிராஜ் மாட்டுன மீட்டருல ஒரு கொறையும் இல்ல. பக்கத்துல சண்முகையா அண்ணாச்சி வீட்டுக்கும் அவன்தான மாட்டுனான்? அதையும் இங்கருந்துதான் பாக்கேன். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு. நம்ம வீட்டுல வாடகைக்கு இருக்கவங்க எம்புட்டு சிக்கனமா இருக்காங்க தெரியுமா? நீ ஒத்த ஆளு, அவங்கள மாதிரி நாலு மடங்கு இழுக்க.

– அவங்க கதை எதுக்கு இப்ப?

– ஏன் பதறுத?

– நான் எங்க பதறுனேன்?

– குரலு பதறுது. இந்தப் பதினஞ்சு இருவது நாளாவே நீ சரியில்ல. வீடியோல வான்னா நெட்டு இல்லங்க. வாசல்ல யாரு பேசுதான்னா டக்குன்னு பேச்ச மாத்துத. இன்னைக்கிக் கோமதியம்மன் கோயில்ல ஆடித்தபசு. ஊரே ரத வீதியில நிக்கி. மைக்கு சத்தம் எனக்கு இங்கன கேக்கு. நீ மட்டும் ஏன் வீட்டுல கிடக்க?

– தலவலி.

– வருசா வருசம் மொத ஆளா ஓடுவியே? எங்கம்மா திட்டத் திட்ட ஓடுவியே? இந்த வருசம் மட்டும் தலவலியா?

– வலிக்கி அத்தான். என்ன செய்யச் சொல்லுதிய?

– அண்ணாச்சி வீட்டு அன்னக்கிளி மதினி போயிருக்காங்களா?

– ம். மாவிளக்கு எடுத்துட்டுப் போனாங்க.

– அண்ணாச்சி?

– அவரும்தான்.

– ரெண்டு பேரும் போயாச்சு, காம்பவுண்டுல ஒரு குருவி இல்ல. நீ ஒருத்தி உக்காந்துருக்க, உள்ள முன்னூத்தம்பது வாட் ஓடுது. சரி, ஒண்ணு கேக்கேன். அடைப்பு ரூமத் தொறந்தியா?

– ஐயோ, இல்லவே இல்ல. அத்தை காரியத்துக்கு வந்தப்ப நீங்க போட்ட பூட்டு அப்படியே தொங்குது. மஞ்சத்துணி கூட அவுக்கல.

– அவிட்ட நட்சத்திரத்துல செத்தவட்டி எங்கம்மா. ஆறு மாசம் அந்த ரூம அடச்சுப் போடணும். நோயாளி யாரும் இருந்தா தொணைக்கிக் கூட்டிட்டுப் போயிருவான்னு ஐயர் படிச்சுப் படிச்சு சொல்லிருக்காரு. அதான் காம்பவுண்டுக்குள்ள ஒரு காய்ச்சக்காரன் கூடத் தங்கக் கூடாதுன்னு உன் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டு வந்தேன். ஞாபகம் இருக்கா?

– இருக்கு.

– சத்தமா சொல்லு.

– இருக்குங்கேன்ல.

– அப்ப சொல்லு. என்கிட்ட என்னத்த மறைக்க?

– அத்தான்... சொன்னா கத்தக் கூடாது. நீங்க அங்க தனியா கிடக்கிய, மனசு போட்டு வாட்டிக்கிடுவியன்னுதான் நான்...

– சொல்லு. யாரு அவன்?

– எவன்?

– உள்ள வச்சிருக்கியே, அவன்.

– ஓஹோ! அதான் கேக்கிய. பிள்ளையில இருந்து என்னையப் பாக்கிய. ஒரே வீட்டுல கஞ்சி குடிச்சு வளந்தோம். அந்த வாயால அவன் யாருன்னு கேட்டுட்டிய. இனிமே நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல வந்ததையும் சொல்லல.

– சொல்ல மாட்டியா? சரி. மீட்டருல ப்ரீபெய்டு பேலன்ஸ் தீரப் போவுது. இன்னும் ஒரு சொட்டுதான் கிடக்கு. நான் போட்டாதான் உண்டு, உன்னால போட முடியாது. உண்மையச் சொன்னா போடுதேன். இல்லன்னா அவனும் நீயும் இருட்டுல கெடங்க.

– போடாதிய. மெழுகுவத்தி இருக்கு.

– திமிரு.

– ஆமா, திமிருதான். அத்தை சொல்லுவாங்க, "என் மகனுக்குக் கோவம் வந்தா கண்ணும் தெரியாது, காதும் கேக்காது"ன்னு. பெத்தவ சொன்னது பொய்யா போவுமா?

– அம்மா பேச்ச எடுக்காதங்கேன்! இந்தா, குறையுது. கண்ணு முன்னால குறையுது. கடைசித் தடவ கேக்கேன் விழி.

– மெழுகுவத்திய எடுத்து வச்சுட்டேன்.

– ஒரு வார்த்த சொல்லு. போட்டுருதேன்.

– தீப்பெட்டியும் எடுத்துட்டேன்.

– முடிஞ்சது. ஜீரோ. செவப்பா காட்டுது. லோடும் ஜீரோ. இப்ப சொல்லு, இருட்டு எப்படி இருக்கு?

– எந்த இருட்டு?

– விளையாடாத. கரண்டு கட்டாயிட்டு.

– இல்லையே. லைட்டு எரியுது.

– எரியாது.

– எரியுது அத்தான். ட்யூப் லைட்டுக்குக் கீழதான் நிக்கேன். ஃபேனு சுத்துது. என் முந்தான பறக்கு.

– அது எப்படிட்டி? இங்க கட்டுன்னு போட்டுருக்கான். உள்ள ஒரு பொட்டு கரண்டு போவாது.

– நான் என்னத்தக் கண்டேன்? எரியுது, அம்புட்டுதான். போன வச்சுராதிய.

– வைக்கல. எல்லா லைட்டும் எரியுதா? அடுப்பங்கரைய பாரு.

– பாக்கேன்... போட்டேன். அதும் எரியுது. அத்தான், இப்ப கேட்டியளா?

– என்ன?

– ஒரு சத்தம். கீ... கீன்னு. விட்டு விட்டுக் கத்துது.

– வேட்டுச் சத்தமா இருக்கும். மைக்கா இருக்கும்.

– இல்ல. வீட்டுக்குள்ள கேக்கு. கோழிக்குஞ்சு கழுத்த நெரிச்ச மாதிரி கத்துது. இம்புட்டு நேரம் இல்ல. நீங்க ஜீரோன்னு சொன்ன பொறவுதான்.

– எங்கருந்து வருது? பாத்துட்டு வா.

– நான் ஒத்தையில போவ மாட்டேன்.

– நான்தான் போன்ல இருக்கேன்ல. போ. அடுப்பங்கரையா?

– இல்ல. இந்தப் பக்கம் சத்தம் கம்மியா இருக்கு. முன்கூடத்துப் பட்டாசால... இங்க கொஞ்சம் கூடுதலா கேக்கு. ஐயோ சங்கரா!

– என்னட்டி?

– அடைப்பு ரூமு. கதவுகிட்ட வந்தா நல்லாக் கேக்கு. உள்ள இருந்துதான் வருது அத்தான்.

– கதவுல காத வை.

– ஐயோ, என்னால முடியாது.

– வை.

– கேக்கு. நிக்கவே மாட்டேங்குது. தொறக்கவா? சாவி சாமி படத்துக்குப் பின்னாலதான் இருக்கு.

– தொறக்காத! கையக் கூட வைக்காதட்டி அதுல. தள்ளி வா. அம்மா... அம்மா, நான் தெரியாம பேசிட்டேன்மா. இருட்டுல கெடன்னு வாய் தவறி வந்துட்டு. உன் வீட்டு வெளக்க நான் அணைக்கப் பாத்தேன். அதுக்குத்தான் இப்படிக் காட்டுதியா?

– அத்தான், நீங்க அழுதா நான் எங்க போவேன்?

– மூணு நாளா கூப்பிட்டாட்டி. கண்ணா வாடா, கண்ணா வாடான்னு. அரபிகிட்ட லீவு வாங்கி வர முன்னாடி போயிட்டா. மனசு ஆறாம உள்ள கிடக்கா. நீ வெளிய வந்துரு விழி. செருப்புக் கூடப் போடாண்டாம். வாசலுக்கு ஓடு.

– வந்துட்டேன். வாசல்லதான் நிக்கேன்.

– தெருவுல ஆளு இருக்கா?

– ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாம் தபசுல நிக்கி. தெரு லைட்டு எரியுது. நம்ம வீடும் எரியுது. அத்தான்...

– என்ன, இன்னும் கத்துதா?

– பக்கத்து வீடு இருட்டா கிடக்கு.

– ஆளில்லாத வீடு, அணைச்சுட்டுப் போயிருப்பாங்க.

– இல்ல. வாசல் லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. நான்தான் பொழுது அடையவும் போட்டேன்.

– பொறு. நீ போட்டியா? எப்ப அணைஞ்சது? நான் ஜீரோன்னு சொன்னேன்ல, அப்பவா?

– அப்படித்தான் இருக்கும். அத்தான், அந்த வீட்டுல...

– பொறுட்டி, யோசிக்க விடு. பேச்சிராஜ் போன்ல கேட்டான், எது உங்க வீடுன்னு. ஒண்ணாம் நம்பர் எங்க வீடுன்னேன். எங்க வீட்டுல எல்லாரும் கோயில் பக்கத்துல இருந்துல்லா எண்ணுவோம்? அம்மன் சன்னதியப் பாத்துட்டு இருக்கதுதான் ஒண்ணு. அந்தப் பய அசலூரு, குருக்கள்பட்டிக்காரன், தெருமுக்குல இருந்து எண்ணிருக்கான். ஏட்டி! மீட்டர மாத்திப் போட்டுட்டான்ட்டி!

– அத்தான், நான் சொல்லுதத...

– நான் மொதல்ல சொல்லிருதேன். நான் ஒரு மாட்டுப் பய. நீ சொன்னது அம்புட்டும் நெசம். ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. நீ எரிச்ச கரண்ட்டத்தான் அண்ணாச்சி வீட்டுக் கணக்குன்னு நெனச்சு, சிக்கனம்னு மெச்சுனேன். அம்மாவும் இல்ல, எவனும் இல்ல. ஹா ஹா! உன்னையப் போயி... இந்த வாய செருப்பால அடிக்கணும். அழுதியா விழி?

– ரீசார்ஜ் பண்ணுங்க.

– என்னது?

– அந்த வீட்டுக்கு, இப்பவே பணத்தப் போடுங்க. சீக்கிரம்!

– ஆளில்லாத வீட்டுக்கு என்னட்டி அவசரம்? தபசு பாத்துட்டு நிதானமா வரட்டும். இம்புட்டு நாளு என் காசுல ஓட்டிருக்காங்க, ஒரு மணி நேரம் இருட்டுல இருந்தா தேஞ்சா போவாங்க? ஏன் மூச்சு வாங்குது, எங்க ஓடுத?

– மதினி சாவிய எங்கிட்டதான் கொடுத்துட்டுப் போனாங்க. பூட்டு தொறக்க மாட்டேங்குது. போடுங்க அத்தான், உங்க காலப் பிடிக்கேன்.

– போடுதேன், போடுதேன். சுத்துது, இன்னும் போகல. அழாத. அந்தச் சத்தம் இப்ப எனக்கே கேக்கு, அடைப்பு ரூமு சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க வீடுதான, அங்கருந்துதானா வருது? அப்படி ராவும் பகலும் என்னத்தட்டி ஓட்டுதாங்க அந்த வீட்டுல?

– ஆக்சிஜன் மிஷினு, அத்தான். அண்ணாச்சி கோயிலுக்குப் போகல. உள்ளதான் படுத்துருக்காரு.