கையை எடுத்தால் அணையும் ஓவன்

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் ஏறிய இருவர் கழக்கூட்டம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அத்தானும் மச்சினனும் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“கேஸ் ஓவன் பத்துது மாப்ள. நான் கையை எடுத்தா அணைஞ்சிருது. என் மேல அவ்வளவு பாசம்.”

“குமிழை எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடிச்சீங்க அத்தான்?”

“பிடிக்கவா? பத்துன சத்தம் கேட்டதும் நான் வாசல்லல்லா நிப்பேன்.”

“உள்ள ஒரு சின்னக் கம்பி இருக்கு. அது சூடாகுற வரைக்கும் அமுக்கியே பிடிக்கணும். இல்லைன்னா கேஸ் தானா அடைச்சிரும்.”

“உங்க அக்கா பிடிச்சா, எரிஞ்சுது. ஆனா கேக் நடுவுல வேகாம மாவாவேதான் இருந்துது.”

“ஓவன் கதவைத் திறந்தீங்களா?”

“தீ இருக்கான்னு பாக்கண்டாமா? அப்பப்பத் திறந்து பாத்தேன்.”

“சூடு பூரா வெளிய போனா எப்படி வேகும்? சாயங்காலம் நிச்சயதார்த்த வீட்டுக்குக் கேக் கொடுக்கணும். அக்கா கிடந்து அழுகா.”

“அதுக்குத்தானே மாப்ள, நீ சொன்ன மாதிரி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு வாரேன்.”

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை? வீட்டில் லைட்டர் ‘டிக்’ என்றாலே செருப்பு மாட்டுகிற ஆள் நான்.

பட்டத்தைத் தாண்டும்போது அத்தானின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல்: “ரெண்டாவது கேக் நல்லா வெந்திருச்சு. இனி உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க.”

மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அத்தான் போனைச் சட்டைப்பையில் போட்டார். “பாத்தியா மாப்ள? ஒரே தேங்காய்.”